இரண்டு ஸ்பீக்கர் கொடுத்துவிட்டுப் போனவர்

ஹோம் தியேட்டர் வாங்கப் போன கதையைச் சொல்ல வந்தவன், 1942ல் இறந்துபோன ஓர் இங்கிலாந்துக்காரரின் கதையைச் சொல்லப் போகிறேன். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

போன தீபாவளி முடிந்த கையோடு என்னிடம் 12,000 ரூபாய் சேர்ந்திருந்தது. ஸ்காலர்ஷிப்பில் மிச்சம் பிடித்தது பாதி, முகூர்த்த சீசனில் ஊர் சவுண்ட் சர்வீஸில் வயர் இழுத்துச் சம்பாதித்தது மீதி. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அப்பா முப்பது வருஷமாகத் தறிகளுக்கு நடுவில் நிற்பவர். காது மந்தமாகிவிட்டது. டிவியில் பழைய படம் போட்டால் பாட்டு கேட்குது, வசனம்தான் புரியலை என்பார். சவுண்டைக் கூட்டினால் அம்மா சண்டைக்கு வருவார். இதற்கு ஒரு வழி பண்ணியே ஆகவேண்டும் என்றுதான் கடை ஏறினேன்.

கடையில் எடுத்து வைத்தது ஒரு 5.1 செட். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஐந்து, நீல லைட் எரியும் சப்-ஊஃபர் ஒன்று. அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கான வாட்ஸ் அச்சடித்திருந்தார்கள். பின்பக்க லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். கரண்டிலிருந்து இழுப்பதே 60 வாட்ஸ்! அறுபது உள்ளே போய் ஆயிரக்கணக்கில் வெளியே வருமென்றால் நாம் படித்த தியரம் எல்லாவற்றையும் காவிரியில் போட்டுவிடலாம். போட்டுக் காட்டினார்கள். வயிறு அதிர்ந்தது. வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கூட வந்த ரூம்மேட், வாங்குடா வாங்குடா என்று பிடுங்கி எடுத்தான். நாளைக்கு வருகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நழுவினேன்.

அந்த வாரம்தான் வகுப்பில் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர் நடந்தது. சார் போர்டில் சர்க்யூட்டைப் போட்டுவிட்டு, இதற்குப் பேட்டண்ட் வாங்கினவர்தான் ஸ்டீரியோவையும் கண்டுபிடித்தவர் என்று போகிற போக்கில் ஒரு பெயரைச் சொன்னார். ஆலன் டவர் புளூம்லைன். எடிசன் தெரியும், மார்க்கோனி தெரியும், இவர் யாரு? ஒலித்துறை எஞ்சினியர்களுக்கு இந்தப் பெயர் மனப்பாடமாம். எனக்கு அன்றுதான் அறிமுகம். தேடிப் படிக்கப் படிக்கத் தூக்கம் போனது.

1903 ஜூன் 29ல் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் பிறந்தவர். அப்பா ஜெர்மனியில் பிறந்த எஞ்சினியர். அம்மா ஸ்காட்லாந்து வம்சத்துப் பாதிரியார் ஒருவரின் மகள். பையனுக்கு ஏழு வயதிருக்கும்போது வீட்டு வாசல் மணி ரிப்பேராகிவிட்டது. சரி செய்தான். செய்ததோடு விட்டானா? எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர் என்று பெயருக்குக் கீழே எழுதி, சொந்த அப்பாவுக்கே பில் நீட்டினான்! ஆனால் இதே பையனுக்குப் பன்னிரண்டு வயது வரை சரியாக எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடு போட்டுக் கொள்ளலாம்.

ஹைகேட் பள்ளி முடித்து, சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தார். நம் பாஷையில் லேட்டரல் என்ட்ரி! இரண்டே வருஷத்தில் முதல் வகுப்பில் பட்டம். 1924ல் டெலிபோன் கம்பெனி வேலை. ஒரு லைனில் பேசுவது பக்கத்து லைனில் ஒட்டுக் கேட்கும் கிராஸ்டாக் கோளாறைக் குறைப்பது அவர் பொறுப்பு. 1929ல் கொலம்பியா கிராஃபோஃபோன் கம்பெனிக்கு மாறினார். அங்கே ஐசக் ஷோன்பெர்க் என்ற ரஷ்யாவிலிருந்து வந்த எஞ்சினியர் மேலதிகாரி. இசைத்தட்டில் பள்ளம் வெட்டும் கருவிக்கான பேட்டண்ட் அமெரிக்கர்கள் கையில் இருந்தது. தட்டுக்குத் தட்டு அவர்களுக்கு ராயல்டி அழவேண்டும். அந்தப் பேட்டண்டைத் தொடாமல் வேறு வழியில் ஒரு கருவி செய் என்றார்கள். புளூம்லைன் மூவிங் காயில் முறையில் ஒன்றைச் செய்துவிட்டார். அது பழைய கருவியைவிட நன்றாக வேலை செய்தது என்பதுதான் வேடிக்கை.

1931ல் கொலம்பியாவும் ஹெச்.எம்.வி.யின் தாய்க் கம்பெனியும் சேர்ந்து ஈ.எம்.ஐ. ஆனது. அதே வருஷம் பின்னாளில் மனைவியான டோரீனோடு சினிமாவுக்குப் போயிருந்தார். பேசும் படம் வந்த புதிது. கொட்டகையில் ஒலி வருவது ஒரே இடத்திலிருந்து. நடிகர் திரையின் இந்த ஓரத்தில் நிற்கிறார், குரல் வேறெங்கிருந்தோ வருகிறது. நம்மைப் போன்றவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு வந்திருப்போம். இவருக்கு மனசு ஆறவில்லை. ஆள் நடந்தால் குரலும் கூடவே நடக்கும்படி செய்ய எனக்கு ஒரு வழி தெரியும் என்று டோரீனிடம் சொல்லியிருக்கிறார். 1931 டிசம்பர் 14ல் பேட்டண்ட் மனு போட்டார். எண் 394,325. எழுபது உரிமைக் கோரிக்கைகள். வயது இருபத்தெட்டு!

அதில் என்ன இருந்தது? நமக்குக் காது இரண்டு. இடப்பக்கம் எழும் ஒலி இடக்காதுக்கு முதலில் வருகிறது, வலக்காதுக்கு ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்தில் வருகிறது. தாழ்ந்த ஃப்ரீக்வென்சியில் இந்த நேர வித்தியாசத்தை வைத்தும், உயர்ந்த ஃப்ரீக்வென்சியில் தலை மறைப்பதால் வரும் அளவு வித்தியாசத்தை வைத்தும் மூளை திசையைக் கணக்குப் போடுகிறது. எதிரே இரண்டு ஸ்பீக்கர் வைத்து, இரண்டுக்கும் கொடுக்கும் சிக்னலின் அளவை மட்டும் கூட்டிக் குறைத்தால் போதும், காதருகே அந்த நேர வித்தியாசமும் தானாகவே உண்டாகிவிடும் என்று புளூம்லைன் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டிலும் சமமாகக் கொடுத்தால் ஒலி நட்ட நடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்தில் நிற்கும்! ஒரே பள்ளத்தின் இரண்டு சுவர்களில் இரண்டு சேனலைப் பதிவு செய்யும் வழியும் அதே பேட்டண்டில் இருக்கிறது.

இதைப் படித்த ராத்திரிதான் எனக்கு உறைத்தது. நடுவில் நிற்கும் ஒலி இரண்டு ஸ்பீக்கருக்குள்ள ஒப்புதலால் உண்டாவது. இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கவேண்டும். கொட்டகையில் ஓரத்து சீட்டுக்காரர்களுக்காக நடு ஸ்பீக்கர் தேவை. எங்கள் வீட்டுப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அப்பாவின் நாற்காலி ஒன்றுதான், அதையும் நடுவில் போட்டுவிடலாம். அப்புறம் எதற்கு ஐந்து? இன்னொன்று, பேச்சில் உயிரொலி கீழே இருக்கிறது, ச, த, ப போன்ற மெய்யொலிகளின் கூர்மை மேல் ஃப்ரீக்வென்சியில் இருக்கிறது. தறிச் சத்தம் முதலில் தின்பது அந்த மேல்பகுதிக் கேள்வியைத்தான். அப்பாவுக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை! தனி ட்வீட்டர் உள்ள ஸ்பீக்கர் வேண்டும், வயிற்றைக் கலக்கும் சப்-ஊஃபர் வேண்டாம்.

பக்கத்து டவுனில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். பழைய டூ-வே ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஆறரை அங்குல ஊஃபர், மரப்பெட்டி. மல்டிமீட்டர் வைத்தேன், 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டிலுமே ஆறு ஓம் சுமாராகக் காட்டியது, சரி. கோனை விரல்களால் சமமாக அமுக்கிப் பார்த்தேன், காயில் உரசும் கரகரப்பு இல்லை. ஓரத்து ரப்பரில் வெடிப்பு இல்லை. 7,500க்கு முடிந்தது. ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் 2,800. வயருக்கும் ஸ்டாண்டு செய்ய மரத்துக்கும் 900. மொத்தம் 11,200. மிச்சம் 800 ரூபாயில் ரூம்மேட்டுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

வீட்டில் மாட்டிப் போட்டால்... ஐயோ! பேஸே இல்லை. வசனம் அறை முழுக்கச் சிதறியது. ரிப்பேர் கடை அண்ணனை மனசுக்குள் ஏசிக்கொண்டே ஒன்றரை வோல்ட் பேட்டரியை எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரிலும் தொட்டேன். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன் வெளியே வரவேண்டும். ஒன்று வந்தது, ஒன்று உள்ளே போனது. நான்தான் ஒரு பக்கம் வயரைத் தலைகீழாக முறுக்கியிருந்தேன். மூன்றாம் வருஷ ஈ.சி.ஈ. மாணவன்! தயவுசெய்து வகுப்பில் யாரும் கேட்காதீர்கள்.

நம்மவர் கதைக்கு வருவோம். 1933ல் ஹேய்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் தாமும் சகாக்களும் மேடையில் அங்குமிங்கும் பேசிக்கொண்டே நடந்து அதைப் பதிவு செய்தார்கள். 1934 ஜனவரியில் ஏபி ரோடு ஸ்டுடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய மோசார்ட் சிம்பொனி ஒத்திகையை ஸ்டீரியோவில் வெட்டினார். 1935ல் ஹேய்ஸ் ரயில் நிலையத்தில் ரயில்கள் போய்வருவதைக் கூடத்திலிருந்தே படம் பிடித்து, ஓசையும் ரயிலோடு நகரும்படி செய்து காட்டினார். அவ்வளவுதான். கம்பெனி மூட்டை கட்டிப் பரணில் போட்டது. பொருளாதார மந்த காலம். ஒரு ஸ்பீக்கர் வாங்கவே ஆள் இல்லாதபோது இரண்டை யார் வாங்குவார்கள்? ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1958ல்தான். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தாரும் அதே முப்பதுகளில் பல சேனல் ஒலியைத் தனியாகச் செய்து காட்டினார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் உட்காரவில்லை. ஷோன்பெர்க் டெலிவிஷன் வேலையில் இறக்கிவிட்டார். 1936 நவம்பர் 2ல் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பி.பி.சி. தொடங்கிய ஒளிபரப்புக்கான 405 கோடு முறையின் சர்க்யூட்டுகளில் பெரும்பங்கு அவருடையது. அடுத்த மே மாதம் ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு ஊர்வலத்தைக் காட்டவேண்டும். நகரத்துக்குள் மைல் கணக்கில் ஓடும் கேபிளில் வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறும். இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பெருக்கினால் இரைச்சல் கழிந்துவிடும் அல்லவா? அதற்குப் பயன்பட்ட வால்வு ஜோடிதான் நம் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர். இன்று லேபில் நாம் எரித்துத் தள்ளும் 741க்குள் நுழைந்தவுடன் இருப்பது அந்த ஜோடியின் பேரப்பிள்ளைதான். மொத்தம் 128 பேட்டண்ட். பதின்மூன்று சில்லறை வருஷத்தில்!

அப்புறம் போர் வந்தது. இருட்டிலும் மேகத்திலும் கீழே உள்ள நிலத்தை விமானத்துக்குள் படமாகக் காட்டும் எச்-டூ-எஸ் என்ற ரேடார். நகரங்கள் மேல் குண்டு போடத்தான் அது என்பதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. 1942 ஜூன் 7ல் அதைச் சோதிக்க ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் ஏறினார். கூட ஈ.எம்.ஐ. சகாக்கள் இருவர், விமானப்படையினர், அரசு ஆராய்ச்சியாளர்கள், ஆகப் பதினோரு பேர். வலது வெளிப்புற எஞ்சின் தீப்பிடித்தது. தீ இறக்கைக்குப் பரவி, வை நதிக்கரையில் வெல்ஷ் பிக்னர் கிராமத்தருகே விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

காரணத்தைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கவும். பறக்கும் முன் எஞ்சினைச் சோதித்தபோது ஒரு டாப்பெட்டின் லாக் நட் சரியாக முறுக்கப்படவில்லை. கிளியரன்ஸ் மாறிப்போய், இன்லெட் வால்வின் தண்டு களைத்து முறிந்து, தீ மூண்டது. ஒரு நட்! அவருக்கு முப்பத்தொன்பது முடிய இன்னும் மூன்று வாரம். டோரீனும் இரண்டு சிறு பையன்களும் மிஞ்சினார்கள். எதிரிக்குத் தெரியக்கூடாது என்று சாவுச் செய்தியைக்கூட அப்போது வெளியிடவில்லை. போர் முடிந்தபோது அந்தப் பெயர் வெளியுலகத்துக்குத் தெரியாத பெயர் ஆகியிருந்தது. 2017ல் டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள், எழுபத்தைந்து வருஷம் கழித்து.

வயரைச் சரியாக மாற்றி முறுக்கியபிறகு அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். இரண்டு ஸ்பீக்கரும் அவர் காது உயரத்துக்கு, மூன்றும் சமபக்க முக்கோணம். முதலில் அவருக்குப் பிடித்த பழைய படம். வசனம் டிவியின் நடுவிலிருந்து வந்தது. அம்மா சமையலறையிலிருந்து சவுண்டைக் குறைக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்துபோய் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒன்று ஒளித்து வைத்திருக்கிறேனா என்று சந்தேகம்!

பிறகு அந்த 1935ம் வருஷத்து ரயில் படத்தைப் போட்டேன். கருப்பு வெள்ளை, ஒரே கரகரப்பு. நீராவி வண்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. அப்பாவின் தலை ஓசையோடு சேர்ந்து திரும்பியது. இன்னொரு வாட்டி போடச் சொன்னார். மூன்று வாட்டி போட்டேன்.

பின்னால் வைக்கும் ஸ்பீக்கர் ஜோடி, அடுத்த ஸ்காலர்ஷிப் வந்தபிறகு.