கழற்றிப் பார்த்த கலங்கல்காரர்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று கமிட்டியில் கேட்டபோது என் கையெல்லாம் கிரீஸ். வீட்டு வாசலில் அப்பாவின் பழைய ராஜ்தூத் அக்கக்காகக் கிடந்தது. அப்போது நினைவுக்கு வந்தவர்தான் ஜி.டி. நாயுடு.

சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ல் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் ஒட்டவில்லை, ஆரம்ப வகுப்புகளோடு படிப்புக்கு முழுக்கு. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார். மாட்டு வண்டியையே பார்த்துப் பழகிய பையனுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த வண்டி வேண்டும், அவ்வளவுதான்!

கையில் காசு ஏது? கோவைக்குப் போய் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். மூன்று வருடம் வயிற்றைக் கட்டிச் சேர்த்து, சுமார் 300 ரூபாய்க்கு அந்த வண்டியை வாங்கினார். வாங்கியவர் செய்த காரியம், வண்டியை முழுசாகக் கழற்றித் திரும்ப மாட்டியது. அந்தக் காலத்து ரட்ஜில் ஒரே சிலிண்டர். பின் சக்கரத்துக்குச் செயின் இல்லை, பெல்ட். சொல்லித் தர வாத்தியார் கிடையாது. அந்த வண்டியேதான் அவருக்குக் காலேஜ்.

நம்ம திருப்பூருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கே பஞ்சுத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தார். பிறகு பம்பாய் பஞ்சு வியாபாரத்தில் அத்தனையும் போயிற்று. அதோடு உட்கார்ந்துவிடவில்லை. கோவையில் ஸ்டேன்ஸ் துரையிடம் வேலைக்குச் சேர்ந்து, அவர் கொடுத்த கடனில் ஒரு பஸ் வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சி - பழனி ரூட்டில் தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். கம்பெனியாக வளர்ந்து 200 பஸ்களைத் தாண்டியது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து எலக்ட்ரிக் மோட்டார் தயாரித்தார். பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெய் விசிறி என்று பட்டியல் நீளும்.

1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாக முன்நின்றார். அதுதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே பிரின்சிபாலாகவும் இருந்தார். நாலு வருடப் படிப்பு நேர விரயம், ரெண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஏற்கவில்லை, பதவியை விட்டு விலகினார். 1974 ஜனவரி 4-ல் மறைந்தார். 2025-ல் திறந்த 10.1 கிலோமீட்டர் அவினாசி ரோடு மேம்பாலம் இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி ஒரு ஒப்புதல் வாக்குமூலம். ஃபைனல் இயரில் நான் சமர்ப்பித்த ப்ராஜெக்ட் காசு கொடுத்து வாங்கியது. மார்க் வந்தது, வேலையும் கிடைத்தது. பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸுக்குச் சேர்ந்த முதல் மாதம், வட்டப்பின்னல் மெஷின் நின்றுபோய், ஃபிட்டர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு எங்கே கை வைப்பதென்றே தெரியவில்லை. அந்தப் பார்வை இன்னும் சுடுகிறது. ஊசி ஊசியாகக் கழற்றி எனக்குக் கற்றுத் தந்தவரும் அவரேதான்.

அந்தப் பாக்கியைத்தான் இப்போது ராஜ்தூத்தில் அடைக்கிறேன். முதல் தடவை மாட்டி முடித்தபோது ரெண்டு வாஷர் மிச்சம்! மறுபடி கழற்றினேன். இப்போது கழற்றும் வரிசையிலேயே பழைய வேட்டியில் பரப்பி, நம்பர் போட்டு வைக்கிறேன். பிஸ்டன் ரிங் மாற்றியாச்சு, கார்பரேட்டர் சுத்தம் பண்ணியாச்சு. ஹேண்டில்பார் மட்டும் என் இஷ்டத்துக்கு.

தம்பி, தங்கைகளே, நாயுடு மாதிரி படிப்பை விடச் சொல்லவில்லை. உங்க ப்ராஜெக்டை நீங்களே செய்யுங்க. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, ஏன் ஓடவில்லை என்று தெரிந்துகொண்டு வெளியே வாங்க. அடுத்த சந்திப்புக்கு நான் ராஜ்தூத்தில் வருகிறேன். வழியில் நின்றுவிட்டால் தள்ளிவிட நீங்க இருக்கீங்கதானே!