பூமியை அளந்த லாம்டன் துரை

கடலூரை அடுத்து, கெடில நதிக்கரையில் இருக்கிறது திருவந்திபுரம். முகூர்த்த நாட்களில் தேவநாதப் பெருமாள் கோயிலில் கல்யாணக் கூட்டம் நெருக்கித் தள்ளும். இந்தச் சிற்றூரின் பெயர், பூமியின் வடிவத்தை ஆராய்ந்த மேதைகளின் கணக்கில் 200 வருடங்களுக்கு முன்பே ஏறிவிட்டது. ஏற்றியவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். அங்கே பல வருடங்கள் வேலை பார்த்துக்கொண்டே கணிதம் படித்தார். பிறகு இந்தியாவுக்கு வந்தார்.

1799-ல் திப்பு சுல்தானுடன் யுத்தம். ஓர் இரவு கும்பினிப் படை இருட்டில் நடந்தது. வானத்தை அண்ணாந்து பார்த்த லாம்டன் திடுக்கிட்டார். வடக்கே போக வேண்டிய படை தெற்கே, எதிரியின் பக்கம் போய்க்கொண்டிருந்தது! நட்சத்திரங்களைப் பார்த்தே தவறைக் கண்டுபிடித்துத் தளபதியிடம் சொன்னார். படை திரும்பியது.

பூமி உருண்டை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பந்து போன்ற உருண்டையா, ஆரஞ்சுப் பழம் போல மேலும் கீழும் சற்றுத் தட்டையா? தட்டை என்றால், பூமத்திய ரேகைக்கு அருகில் ஒரு பாகை தூரம் குறைவாகவும், துருவத்தை நெருங்க நெருங்க அதிகமாகவும் இருக்கும். அதைத் துல்லியமாக அளந்துவிட வேண்டும் என்பதே லாம்டனின் ஆசை. கும்பினியார் பணம் கொடுத்ததோ, பிடித்த நாட்டுக்குச் சரியான படம் வேண்டும் என்பதற்காக!

1802 ஏப்ரல் 10-ந் தேதி பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயில் பட்டால் எஃகு நீளும்; கணக்கு கெடும். ஆகவே சங்கிலிக்குக் கூடாரம் போட்டு நிழல் கொடுத்தார்கள். 400 முறை சங்கிலியை நீட்டி, 12 கிலோமீட்டர் தூரத்தை அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு சங்கிலி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். அரை டன் எடையுள்ள கோணமானியை ஆட்கள் சுமந்தார்கள். முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக அளவு நகர்ந்தது. தெற்கு முனை திருவந்திபுரம். வடக்கு முனை சென்னைக்கும் வடக்கே. இரண்டு இடத்திலும் தலைக்கு மேல் வரும் நட்சத்திரங்களைப் பார்த்து, இடையே எத்தனை பாகை என்று கணித்தார். தரையில் அளந்த தூரத்தை அதனால் வகுத்தார். ஒரு பாகைக்கு 110 கிலோமீட்டரும் சொச்சமும் வந்தது. இன்று பிளஸ் டூ புவியியல் படிக்கும் பிள்ளைகள் தங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். நம் பகுதிக்கு அதே அளவுதான்!

வேலை நிற்கவில்லை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி மோதி நசுங்கியது. இன்னொருவராக இருந்தால் ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, ஆறு வாரம் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதை நிமிர்த்திவிட்டார்.

கன்னியாகுமரியில் தொடங்கி ஐதராபாத்துக்கும் வடக்கே, ஏறத்தாழ 10 பாகை அளந்தார். 1818-ல் அவருக்கு உதவியாக வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். அந்தப் பெயரை மலைச் சிகரத்தால் உலகமே அறியும்.

லாம்டனுக்கு எழுபது வயது நெருங்கியது. இருமல் வாட்டியது. முகாமை நாகபுரிக்கு மாற்றப் புறப்பட்டார். வழியில், வார்தா அருகே ஹிங்கன்காட் என்ற ஊரில், 1823 ஜனவரி 20-ந் தேதி உயிர் பிரிந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.