காந்தி மியூசியம் யார் வீடு? ராணி மங்கம்மாளும் தமுக்கம் அரண்மனையும்

மதுரை தமுக்கம் மைதானத்தை ஒட்டி, குவிமாடங்களோடு வெள்ளையாக நிற்கும் காந்தி மியூசியம் ஒருகாலத்தில் ஒரு ராணியின் வீடு. அவர் ராணி மங்கம்மாள்.

கணவர் சொக்கநாத நாயக்கர் 1682-ல் காலமானார். 1689-ல் ஒரே மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பரை அம்மை கொண்டுபோனது. நிறைமாத கர்ப்பிணியான மருமகள், குழந்தை பிறந்ததும் உயிரை விட்டார். மிச்சம் இருந்தது கைக்குழந்தைப் பேரன் விஜயரங்கன். வடக்கே முகலாயப் படை வேறு!

பேரன் பெயரில் 1706 வரை நாட்டை ஆண்டது பாட்டிதான். தலைநகர் திருச்சி, தமுக்கம் மதுரையில் அவருடைய மாளிகை. ஔரங்கசீப்புக்குக் கப்பம் கட்டியதைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால், அன்றைக்கு மோதியிருந்தால் நாடே மிஞ்சியிருக்காது. திருவிதாங்கூருக்கும் தஞ்சைக்கும் படை அனுப்பி ஜெயித்தார். 1702-ல் கிழவன் சேதுபதியிடம் மட்டும் எடுபடவில்லை. சண்டைகளை ஊர் மறந்துவிட்டது. மரநிழல் சாலைகளையும், ரயில்வே ஸ்டேஷன் எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தையும் மறக்கவில்லை.

கடைசியில் அவரைச் சிறைவைத்து, பட்டினி போட்டே கொன்றார்கள் என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லும் கதை. உறுதியான ஆதாரம் கிடையாது.

சரி, வீடு என்னாச்சு? அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் வீட்டை 1858-ல் ஒரு பெண்கள் சங்கம் விலைக்கு வாங்கியது. சிதறிப்போன மேஜை, நாற்காலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிச் சேர்த்து, அவர் வாழ்ந்தபடியே அறைகளை அமைத்தார்கள். தமுக்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கைமாறிக் கைமாறி வெள்ளைக்கார கலெக்டர்களின் பங்களாவானது. 1955-ல் காந்தி நினைவு நிதிக்குப் போய், 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்த மியூசியமானது. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணியைப் பார்க்கத்தான் அங்கே கூட்டம் வருகிறது. அது நியாயம்தான். அந்த ராணி ஆடிய ஊஞ்சல், சாய்ந்த திண்டு எதுவும் இல்லையே என்ற ஏக்கமும் நியாயம்தான்.

அவரைப் பார்க்க மீனாட்சி அம்மன் கோயிலுக்குத்தான் போகணும். பொற்றாமரைக் குளத்தின் மேற்கே ஊஞ்சல் மண்டபம். அண்ணாந்து பார்த்தால் விதான ஓவியத்தில் மங்கம்மாள் இருக்கிறார், கூடவே பேரனும்.