சந்தா கேளாத நூலகம்

சீர்காழிக்குத் திருஞானசம்பந்தர் அவதரித்த பதி என்னும் பெருமை ஒன்றே போதும். ஆயினும் நூலகத் துறையினர் அவ்வூரை வேறொரு காரணம் பற்றியும் நினைவுகூர்வர். 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இராமாமிர்த ஐயருக்கும் சீதாலட்சுமி அம்மாளுக்கும் புதல்வராக அரங்கநாதன் அங்கே பிறந்தார். ஆறு வயதில் தந்தையாரை இழந்தார். நாவிலே திக்கலும் இருந்தது. அந்தப் பிள்ளைதான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் கணித ஆசிரியராக விளங்கினார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவர் அமர்ந்தார். விரும்பி ஏற்ற பதவியன்று. ஆசிரியத் தொழிலைவிட ஊதியம் அதிகம். ஆள் அரவமற்ற அந்த அறையின் தனிமை சில நாட்களிலேயே அவருக்குச் சலித்துவிட்டது. கல்லூரிக்கே திரும்ப விடுமாறு வேண்டிக்கொண்டார். இலண்டன் சென்று நூலகக் கலை கற்று வந்த பின்பும் மனம் ஒப்பவில்லையேல் திரும்பலாம் என்று மேலோர் சமாதானம் கூறி அனுப்பிவைத்தனர். போனவர் நூலகராகவே மீண்டார்.

அங்கே அவர் கண்டது யாது? பெர்விக் சேயர்ஸ் என்னும் ஆசிரியரின் வழிகாட்டலில் குரொய்டன் நகரப் பொதுநூலகத்தையும், வேறு நூறு நூலகங்களையும் சுற்றிப் பார்த்தார். தொழிலாளரும் பெண்டிரும் சிறுவரும் சந்தா எதுவும் செலுத்தாமல் நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வதைக் கண்டார். 1850ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் இதற்கெனச் சட்டம் பிறந்திருந்தது. சொத்து மதிப்பில் பவுணுக்கு அரைப் பென்னி வரியாகத் தண்டலாம் என்றது அச்சட்டம். 1855இல் அது ஒரு பென்னியாயிற்று. வாசிப்பவன் கையிலிருந்து வாங்காமல், வீட்டுக்காரன் செலுத்தும் வரியிலிருந்து நூலகத்தை நடத்துவதே இதன் சூட்சுமம். ஆயினும் அந்நாட்டிலும் நெடுங்காலம், வரி செலுத்தாத ஒருவர் நூல் இரவல் பெறுவதற்கு வரி செலுத்துவோர் ஒருவர் பிணை நிற்கவேண்டும் என்ற விதி பல நகரங்களில் இருந்தது.

இவ்விதியை எண்ணும்போது எனக்கு மாங்கேணி நினைவுக்கு வருகிறது. வாழைச்சேனைக்கு வடக்கே, திருகோணமலை செல்லும் பெருவீதியில் உள்ள எங்கள் ஊரில், வலை வீசுவோரும் சேனைப் பயிர் செய்வோருமே மிகுதி. நான் பள்ளி மாணவனாக இருந்த காலத்தில், பஸ்ஸேறிச் செல்லும் தூரத்திலிருந்த நூலகமொன்றில் அங்கத்தவனாக விரும்பினேன். அனுமதிக் கட்டணம் பெரிதன்று. கிராம உத்தியோகத்தரின் கையொப்பமும் பெற்றுவிட்டேன். படிவத்தின் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. அந்த எல்லைக்குள் சோலைவரி செலுத்தும் ஒருவர் எனக்குப் பிணை நிற்கவேண்டும். காணி உறுதியே இல்லாத கிடுகு வீட்டார்க்குச் சோலைவரி ஏது? வரி செலுத்தும் உறவினர்தாம் ஏது? ஈற்றில் பக்கத்து ஊர் மளிகைக் கடை முதலாளி ஒருவர் மனமிரங்கிக் கையெழுத்திட்டார். அட்டை கிடைத்த பின்னர் வேறொரு கணக்குத் தெரியவந்தது: நூலை எடுக்க ஒரு தடவை, கொடுக்க ஒரு தடவை என்று பஸ்ஸுக்குக் கொடுத்த பணம் கட்டணத்தைப் பன்மடங்கு விஞ்சிற்று.

இந்தக் கணக்கை அரங்கநாதன் முன்னரே போட்டிருந்தார். அவர் ஊக்கத்தால் 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல் அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தது. நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது இரண்டாவதன் கருத்து. என் மதிப்பில் அந்த இரண்டாம் விதிதான் ஏனையவற்றின் உயிர். கணித வல்லுநர் வகுத்த விதியாதலின் அதில் விலக்கு இல்லை. வரி செலுத்துவோர்க்கு மட்டும் என்று அவர் எழுதவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூலகமாகிப் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்னும் பொறியியலாளர் அமைத்த வண்டி அது. நூலை நாடி உழவன் நடவாமல், உழவனை நாடி நூல் சென்றது.

வண்டி ஓரிரு வட்டாரங்களுக்குப் போதும். நாட்டுக்குச் சட்டம் வேண்டும். 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரிச் சட்டம் ஒன்றை அரங்கநாதன் முன்வைத்தார். 1933இல் பஷீர் அகமது சயீது சென்னைச் சட்டசபையில் மசோதாவொன்றைக் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. ஆண்டுகள் கழிந்தன. 1945இல் அரங்கநாதன் சென்னையை விட்டுக் காசிக்கும், பின்னர் தில்லிக்கும் போய்விட்டார். அவர் அங்கிருந்த காலத்திலேதான், 1948இல், கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்துவரியில் ரூபாவுக்கு ஆறு பை, அதாவது அக்காலத்து அரை அணா, நூலக வரியாயிற்று. சென்னை நகரம் நீங்கலான ஏனைய இடங்களில், திரண்ட தொகைக்குக் குறையாத பணத்தை அரசும் கொடுக்கவேண்டும் என விதித்தனர். மாடி வீட்டார் செலுத்தும் காசில் குடிசை வீட்டுப் பிள்ளை படிக்க வழி பிறந்தது. இரவல் பெறுவோரிடம் வைப்புத்தொகை கேட்கும் வழக்கம் மாத்திரம் அங்கே முற்றாக ஒழியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் நாட்டுக்கும் அவருக்கும் தொடர்புண்டு. 1934 ஆகஸ்ட் முதலாம் நாள், க. மு. செல்லப்பா முதலானோரின் முயற்சியால், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களுடன் நூலகமொன்று திறக்கப்பட்டது. பின்னர் அதற்குப் பெருங்கட்டடம் எழுப்ப எண்ணியபோது அரங்கநாதனிடமே ஆலோசனை கேட்டனர். 1959இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் 1981இல் எரிக்கப்பட்ட கொடுமையைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை. ஆனால் அவர் போராடிப் பெற்றது போன்ற தனி நூலக வரி இலங்கைக்கு வரவில்லை. இங்கே பொதுநூலகங்களை நடத்துவோர் உள்ளூராட்சி மன்றத்தினர். கட்டணமும் பிணையும் மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். வருவாய் மெலிந்த பிரதேச சபையின் நூலகமும் மெலிந்தே கிடக்கும்.

தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாவை, மனைவி சாரதையின் பெயரால் நூலகப் பேராசிரியர் பதவியொன்று நிறுவுமாறு, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அரங்கநாதன் வழங்கினார். பிற்காலத்தில் பெங்களூரில் வாழ்ந்து, 1972 செப்டெம்பர் 27ஆம் நாள் காலமானார். தமிழ்நாட்டில் சொத்துவரி செலுத்துவோர் பெறும் இரசீதில் நூலக வரி இன்றும் தனியே குறிக்கப்படுகிறது.