பம்பாய் பிரேம்சந்த் ராய்சந்த்

சூரத்தில் பிறந்து, பம்பாயில் பங்குத் தரகராகப் பெயர் எடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்து ஆலைகளுக்கு அங்கிருந்து போகும் பஞ்சு தடைப்பட்டது. பம்பாய்ப் பஞ்சுக்குக் கிராக்கி ஏறிப் பணம் குவிந்தது. அது பங்குகளில் பாய்ந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்க வந்த பாக் பே கம்பெனியின் 5,000 ரூபாய்ப் பங்கு சுமார் 50,000 ரூபாய்க்கு விலை போயிற்று. பங்குகளை ஈடாக வைத்துப் பம்பாய் பாங்கும் கடன் கொடுத்தது.

1865-ல் போர் முடிந்தது. பஞ்சு விலை விழுந்தது. வாயிதாப் பேரங்களுக்குக் கணக்குத் தீர்க்கும் ஜூலை 1-ந் தேதி வந்தபோது பலரிடம் பணமில்லை. பிரேம்சந்தும் நொடித்தார். 1868-ல் அந்தப் பாங்கும் மூடப்பட்டது. பிரேம்சந்த் மெல்லத் தலையெடுத்து 1906-ல் காலமானார். நல்ல காலத்தில் அவர் பம்பாய் சர்வகலாசாலைக்குக் கொடுத்த பணத்தில் எழுந்த, அவர் தாயார் ராஜாபாய் பெயர் தாங்கிய மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது.

சகோதரர்களே, கைமுதலில் வாங்கிய சரக்கு விலை இறங்கினாலும் சரக்காவது கடையில் இருக்கும். கடன் வாங்கி விலையேற்றத்தை மட்டும் நம்பினவனுக்கு, எங்கோ முடிகிற போர் கடையைப் பூட்டிவிடும். கணக்கில் எழுதிய லாபம் பெட்டிக்கு வரும்வரை லாபமல்ல. வாங்கிய கடனோ அன்றே கடன்தான்.