பட்டாணிச் செடியைப் படம் பிடித்தவர்

ஒரு சின்ன மண் தொட்டி. அதில் பட்டாணி விதைத்திருந்தது.

தொட்டிக்கு எதிரே ஒரு காமிரா. காமிராவுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். வயது 42. விதை எப்போது முளைக்கும் என்று குழந்தையைப் போலக் காத்துக்கொண்டிருந்தார்.

பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவர். கையில் வேலை இல்லை. இன்சூரன்சு பாலிசி அடகில் இருந்தது. இந்த நிலையில் ஒரு பட்டாணிச் செடியைப் படம் பிடிக்கிறார் என்றால் ஊர் என்ன சொல்லும்? மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நண்பர்களே பேசிக்கொண்டார்கள்.

அவர்தான் தாதாசாகேப் பால்கே. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப் படம், அந்தத் தொட்டியில் இருந்துதான் முளைத்தது.

சாஸ்திரியின் மகன்

பால்கேயின் முழுப்பெயர் துண்டிராஜ் கோவிந்த பால்கே. 1870-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, நாசிக் அருகே திரியம்பகத்தில் பிறந்தார். கோதாவரி நதி உற்பத்தியாகும் புண்ணியத் தலம் அது. தந்தை சமஸ்கிருத பண்டிதர். மகனும் வேதம் படித்து சாஸ்திரியாக வருவான் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் பையனுக்கு ஆசை எல்லாம் படம் வரைவதிலும், நாடகம் போடுவதிலும், வேடிக்கை காட்டுவதிலும்தான்.

தந்தைக்குப் பம்பாயில் கல்லூரி வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே குடியேறியது. 1885-ல் பையன் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தான். பிறகு பரோடாவில் உள்ள கலாபவனத்தில் படிப்பு. ஓவியம், சிற்பம், கட்டிடக் கலை, போட்டோ என்று கண்ணில் பட்டதை எல்லாம் கற்றுக்கொண்டான்.

படித்து முடித்து, கோத்ரா என்ற ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்தார். அங்கேதான் பேரிடி விழுந்தது. பிளேக் நோய் பரவி, மனைவியையும் குழந்தையையும் கொண்டுபோய்விட்டது. கடையை மூடிவிட்டு ஊரை விட்டே கிளம்பினார்.

அதன்பின் அவர் செய்யாத தொழில் இல்லை. ஜெர்மானிய மந்திரவாதி ஒருவரிடம் மாயவித்தை பழகினார். தொல்பொருள் இலாகாவில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தார். சுதேசி உணர்ச்சியில் அதை உதறினார். அச்சுக்கூடம் வைத்தார். ரவிவர்மாவின் ஓவியங்களை அச்சடிக்கும் வேலையிலும் இருந்தார். நம் வீட்டுக் கூடங்களில் லட்சுமியும் சரசுவதியுமாகத் தொங்கினவே, அந்த ரவிவர்மா படங்கள்தான். வண்ண அச்சுக்கலையின் நுட்பம் அறிய 1909-ல் ஜெர்மனிக்கும் போய்வந்தார். பிறகு கூட்டாளிகளோடு தகராறு வந்தது. கட்டிய துணியோடு வெளியேறினார்.

1902-ல் அவர் மறுமணம் செய்துகொண்டிருந்தார். மனைவி பெயர் சரசுவதிபாய். இந்தக் கதையில் பாதி அந்த அம்மாளுடையது.

கொட்டகையில் பிறந்த ஆசை

அது சுதேசி வேகம் நாடெங்கும் வீசிய காலம். நம் கரிசல் சீமையில் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர். வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் அவரே தலைவராக இருந்தார். வெள்ளைக்காரன் விடும் கப்பலை நாமும் விடலாம் என்று துணிந்த கூட்டம் அது. தேவர் 1911-ல் காலமானார்.

அதே 1911-ல், வெள்ளைக்காரன் எடுக்கும் படத்தை நாமும் எடுத்தால் என்ன என்று பம்பாயில் ஒருவர் யோசித்தார்.

கிர்காம் பகுதியில் இருந்த ஒரு கொட்டகைக்கு மூத்த மகனை அழைத்துக்கொண்டு போனார் பால்கே. அன்று ஓடியது மிருகங்கள் பற்றிய படம். அடுத்து ஏசுநாதர் வரலாறு. திரையில் ஏசுநாதர் நடமாட நடமாட, பால்கேயின் மனக்கண்ணில் கண்ணனும் ராமனும் நடமாடினார்கள். நம் தெய்வங்கள் திரையில் தோன்றுவது எப்போது? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

ஏசுநாதர் படம் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. திருச்சி ரெயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-லேயே ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியும் ஏசுநாதர் படச்சுருளும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். அவர் படத்தைக் காட்டினார். பால்கே எடுக்க நினைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கண் போயிற்று!

எடுப்பது எப்படி? சொல்லித்தர இந்தியாவில் யாரும் இல்லை.

தானே குரு, தானே சீடன் என்று இறங்கினார் பால்கே. ஒரு சிறு காமிராவும் சில சுருள்களும் வாங்கினார். கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்தார். பகலில் படிப்பு, சோதனை. மாலையில் கொட்டகை. தினமும் நாலைந்து மணி நேரம் படம் பார்ப்பார். கதைக்காக அல்ல. எப்படி எடுத்திருக்கிறான், எங்கே வெட்டி ஒட்டியிருக்கிறான் என்று பார்ப்பதற்காக!

சரியான தூக்கம் இல்லை. சாப்பாடும் இல்லை. உடம்பு பொறுக்குமா? ஒருநாள் கண் பார்வை மங்கியது. மங்கிய பார்வை அற்றே போயிற்று.

படம் எடுக்கப் புறப்பட்டவருக்குக் கண் இல்லை! நல்லவேளையாக ஒரு நல்ல டாக்டர் வாய்த்தார். சிகிச்சை செய்து, விதவிதமான மூக்குக் கண்ணாடிகள் கொடுத்துப் பார்வையை மீட்டார்.

கண் வந்ததும் பால்கே என்ன செய்தார்? மறுபடியும் கொட்டகைக்குப் போனார்.

பாலிசி அடகு

எந்திரத்தையும் தொழிலையும் நேரில் பார்க்க லண்டனுக்குப் போயாக வேண்டும். பணம்? இன்சூரன்சு பாலிசிகளை அடகு வைத்தார். ரூ.10 ஆயிரம் கிடைத்தது. மனிதர் செத்தால் குடும்பத்துக்கு ஆதாரமாக இருக்க வேண்டிய பணம் அது. உறவினர்களும் நண்பர்களும் தடுத்தார்கள். சரசுவதிபாய் தடுக்கவில்லை.

1912 பிப்ரவரியில் கப்பல் ஏறினார். லண்டனில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. ஒரு சினிமாப் பத்திரிகை அலுவலகத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்து, நேரே உள்ளே போய் ஆசிரியரைக் கண்டார். ஆசிரியரின் பெயர் கேபர்ன். இந்தியாவின் வெப்பத்தில் படத்தொழில் நடக்காது என்று அவர் முதலில் பயமுறுத்தினார். பால்கேயின் உறுதியைக் கண்டபின் அவரே உதவிக்கு வந்தார். ஹெப்வொர்த் என்ற பட அதிபரின் ஸ்டூடியோவுக்கு அனுப்பிவைத்தார். அங்கே படப்பிடிப்பு முழுவதையும் பால்கே பார்த்துக் கற்றார்.

50 பவுன் கொடுத்து ஒரு வில்லியம்சன் காமிரா வாங்கினார். பிலிமில் ஓட்டை போடும் கருவியும் வாங்கினார். இரண்டே வாரத்தில் லண்டன் வேலை முடிந்தது. ஏப்ரல் முதல் தேதி பம்பாய் திரும்பினார். சொந்தக் கம்பெனியையும் தொடங்கிவிட்டார்.

இருட்டறையில் இல்லத்தரசி

இன்று பாலவனத்தத்திலோ திருச்சுழியிலோ ஒரு மாணவன் குறும்படம் எடுக்க ஆசைப்பட்டால், சட்டைப்பையில் இருக்கும் கைபேசி போதும். பால்கே காலத்தில் அப்படியா? காமிராவின் பற்சக்கரம் பிலிமைப் பிடித்து இழுக்க, பிலிமின் இரு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை வேண்டும். வந்த பிலிமில் ஓட்டை கிடையாது. ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அதையும் இருட்டறையில் போட வேண்டும். துளி வெளிச்சம் பட்டாலும் பிலிம் பாழ்!

அந்த வேலையைச் செய்தவர் சரசுவதிபாய். பகலெல்லாம் அடுப்படி, பிள்ளைகள். இரவில் இருட்டறை. ஓட்டை போடவும், பிலிமைக் கழுவவும், ரசாயனம் கலக்கவும் கணவரிடம் கற்றுக்கொண்டார். இந்திய சினிமாவின் முதல் தொழில்நுட்ப உதவியாளர் ஒரு குடும்பத் தலைவி என்று சொன்னால் தப்பில்லை.

முதலில் வீட்டாரையே நிற்கவைத்து, நடக்கவைத்துப் படம் பிடித்துப் பார்த்தார் பால்கே. படம் நன்றாகவே விழுந்தது. ஆனால் பெரிய படத்துக்குப் பணம் வேண்டும். வெறும் வாய்ச்சொல்லை நம்பி யார் கொடுப்பார்கள்? அப்போதுதான் பட்டாணி யோசனை பிறந்தது.

அந்தக் காலத்துப் படம், ஒரு விநாடிக்குச் சுமார் 16 சிறு படங்களாக ஓடும். எடுக்கும்போது இடைவெளி விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, காட்டும்போது தொடர்ச்சியாக ஓட்டினால் நாள்கள் நிமிஷமாகச் சுருங்கும். ஒரு மாதத்துக்கும் மேல் காமிராவை அசைக்காமல் வைத்து எடுத்தார். திரையில் அது ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகம்.

அழைத்து வந்தவர்கள் முன்னால் படம் ஓடியது. மண் பிளந்தது. முளை தலைநீட்டியது. கொடி கிறுகிறுவென்று ஏறியது. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். நாட்கர்னி என்ற வியாபாரி கடன் தர முன்வந்தார். அப்போதும் ஈடு கேட்டார்கள். மனைவியின் நகைகள் போயின.

சந்திரமதி எங்கே?

கதை அரிச்சந்திரன். நம் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் அதே மயான காண்டம்தான். கதையைக் காட்சி காட்சியாக எழுதியதும், திரைச்சீலைகளைத் தீட்டியதும் பால்கேயே. தாதரில் குடியிருந்த இடமே ஸ்டூடியோ ஆயிற்று.

நடிகர் தேவை என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். ஆண்கள் வந்தார்கள். அரிச்சந்திரனுக்கு டாப்கே என்பவர் கிடைத்தார். சந்திரமதிக்கு ஆள் இல்லை. சினிமாவில் நடிக்கக் குலப்பெண்கள் மட்டுமல்ல, தாசிகள்கூட மறுத்துவிட்டார்கள். மனைவியையே நடிக்கச் சொன்னார். இருக்கிற வேலையே தலைக்கு மேல் என்று அவர் மறுத்துவிட்டார். நியாயம்தானே!

ஒருநாள் ஓட்டலில் தேநீர் குடிக்கப் போன பால்கே, அங்கே இருந்த சமையல்காரப் பையனைக் கவனித்தார். ஒல்லியான உடம்பு, மெல்லிய விரல்கள். பெயர் சாளுங்கே. ஓட்டலில் சம்பளம் மாதம் ரூ.10. பால்கே ரூ.15 தருவதாகச் சொன்னார். சந்திரமதி கிடைத்துவிட்டாள்!

ஆனால் பெண் வேடக்காரர்கள் மீசையை எடுக்க மாட்டோம் என்றார்கள். தகப்பன் இறந்தால்தானே மீசையை மழிப்பது? பால்கே ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்கவைத்தார். லோகிதாசன் வேடமோ பாம்பு கடித்துச் சாகிற வேடம். எந்தத் தாய் தன் பிள்ளையைக் கொடுப்பாள்? பால்கே தன் மூத்த மகன் பாலச்சந்திரனையே பாம்புக்குக் கொடுத்தார்.

சினிமாவில் இருப்பதாகச் சொன்னால் அக்கம்பக்கத்தில் மரியாதை கிடையாது. அதனால் அரிச்சந்திரன் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும்படி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். 60, 70 பேருக்கு ஒரே ஆளாகச் சமைத்துப் போட்டவர் சரசுவதிபாய். துணிமணி துவைப்பதும் அவரே. விளக்கு வசதி இல்லாததால், வெயிலைத் திருப்பி நடிகர் முகத்தில் அடிக்க வெள்ளைத் துணியை மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு நின்றதும் அவரே.

வெளிப்புறக் காட்சிக்கு வாங்கனி என்ற கிராமத்துக்குப் போனார்கள். வாளும் வேலுமாக வந்து இறங்கிய கூட்டத்தைப் பார்த்து, கொள்ளைக்காரர்கள் என்று கிராமம் அலறியது. அதிகாரி எல்லோரையும் பிடித்து வைத்தார். பின்னால் வந்த பால்கே, காமிராவைச் சுழற்றிக் காட்டி மீட்டார். அப்போது காமிராவில் பிலிமே இல்லை! காசு கொடுத்து வாங்கிய பிலிமை அதிகாரிக்காக வீணாக்குவாரா?

3,700 அடி நீளமுள்ள அந்தப் படம் 1913 மே 3-ந் தேதி பம்பாய் காரனேஷன் கொட்டகையில் வெளியாயிற்று. கூட்டம் அலைமோதியது. பால்கே 1917-ல் எடுத்த லங்காதகனத்தில் ராமனும் சீதையும் ஒருவரே. அதே சாளுங்கே! அந்தப் படம் குவித்த காசை மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். அந்த நாட்களில்தான் சென்னையில் நடராஜ முதலியார் என்ற மோட்டார் வியாபாரி கீசகவதம் எடுத்துத் தென்னாட்டுப் படத்தொழிலைத் தொடங்கிவைத்தார்.

பால்கேக்குக் காசு தங்கவில்லை. பங்குதாரர்களோடு மறுபடி பிணக்கு. வெறுத்துப்போய்க் காசிக்குச் சென்று நாடகம் எழுதினார். திரும்பி வந்தார். அதற்குள் படங்கள் பேசத் தொடங்கிவிட்டன. 1937-ல் கங்காவதரணம் என்ற பேசும் படம் ஒன்று எடுத்தார். அதுவே கடைசி.

1944 பிப்ரவரி 16-ந் தேதி நாசிக்கில் பால்கே காலமானார். அப்போது வயது 73. ஓய்ந்துபோன அந்த வாழ்வை அன்றைய படவுலகம் ஏறக்குறைய மறந்தே இருந்தது. 25 ஆண்டு கழித்து, 1969-ல் மத்திய சர்க்கார் அவர் பெயரால் சினிமாவின் உயர்ந்த விருதை ஏற்படுத்தியது. முதல் விருது நடிகை தேவிகா ராணிக்கு. தமிழ்நாட்டில் சிவாஜி கணேசனும், பாலசந்தரும், ரஜினிகாந்தும் பிற்பாடு அதைப் பெற்றார்கள்.