கோடி சம்பாதித்த குழந்தை

கிழிந்த சட்டை. அளவுக்கு மீறிய கால்சட்டை. தலையில் சரிந்த தொப்பி. முகத்தில் பாதி கண்கள்!

இந்தக் கோலத்தில் ஒரு சிறுவன் தெருவில் நிற்கிறான். வயது ஐந்து. கையில் கல். ஒரு வீட்டு ஜன்னலைக் குறி பார்த்து எறிகிறான். கண்ணாடி நொறுங்குகிறது. பையன் ஓட்டம் பிடிக்கிறான். சற்று நேரத்தில் முதுகில் கண்ணாடிப் பலகைகளைச் சுமந்துகொண்டு அதே தெருவுக்கு வருகிறார் சார்லி சாப்ளின். உடைந்த ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக் காசு வாங்குகிறார். தகப்பனும் பிள்ளையும் கூட்டாக நடத்தும் தொழில் இது!

அடுத்த ஜன்னலுக்குக் கல்லை ஓங்குகிறான் பையன். ஓங்கிய கை எதன் மேலோ இடிக்கிறது. திரும்பினால், போலீஸ்காரர்! பையன் பதறவில்லை. கல்லை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து, விளையாடுவது போல் பாசாங்கு செய்கிறான். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு ஒரே ஓட்டம்.

1921-ல் வெளிவந்த 'தி கிட்' என்ற ஊமைப்படத்தில் வரும் காட்சி இது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பார்ப்பவர்களுக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

அந்தச் சிறுவன்தான் ஜாக்கி கூகன். ஹாலிவுட் கண்ட முதல் பெரிய குழந்தை நட்சத்திரம்.

நான் அவனுடைய ரசிகன். ஜாக்கி கூகனைப் பற்றி எழுதுகிறவர்கள் எடுத்த எடுப்பிலே கோர்ட்டு வழக்குக்குப் போய்விடுகிறார்கள். அந்த வழக்கு பெரிய வழக்குதான். நானும் அதற்கு வருகிறேன். ஆனால், முதலில் நடிப்பு!

சாப்ளின் கண்ணில் பட்டான்

1914 அக்டோபர் 26-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜாக்கி பிறந்தான். தந்தை ஜான் கூகன் நடனக்காரர். ஊர் ஊராகப் போய் மேடையில் ஆடிப் பிழைத்தவர். தாய் லில்லியனும் மேடைக்காரரே. பிள்ளையும் நடக்கப் பழகிய கையோடு மேடை ஏறிவிட்டான்.

1919-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் 'ஆர்ப்பியம்' அரங்கில் தந்தையின் ஆட்டம் நடந்தது. ஆட்டத்தின் முடிவில் நாலு வயது ஜாக்கி மேடைக்கு வந்து ஒரு குட்டி நடனம் ஆடினான். கூட்டத்தில் சாப்ளின் இருந்தார்.

சாப்ளினுக்கு அது சோதனையான ஆண்டு. அந்த ஜூலையில் பிறந்த அவருடைய முதல் குழந்தை மூன்றே நாளில் இறந்துவிட்டது. அந்தத் துக்கத்திலிருந்துதான், அனாதைக் குழந்தையை எடுத்து வளர்க்கும் ஏழை நாடோடியின் கதை உருவாயிற்று என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம்.

கதையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது, வேறொரு சிரிப்பு நடிகரான ஆர்பக்கிள், கூகனை ஒப்பந்தம் செய்துவிட்டார் என்று சாப்ளினுக்குச் செய்தி வந்தது. அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு விசாரித்தால், ஆர்பக்கிள் ஒப்பந்தம் செய்தது மகனை அல்ல, தகப்பனை! சாப்ளின் ஓடிப்போய் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டார். சம்பளம் வாரத்துக்கு 75 டாலர்.

எப்படி நடித்தான்?

சாப்ளின் முதலில் நடித்துக் காட்டுவார். ஜாக்கி அதைப் பார்ப்பான். அப்படியே செய்வான். அவர் தோளைக் குலுக்கினால் இவனும் குலுக்குவான். இதை வைத்துக்கொண்டு, ஜாக்கி வெறும் கண்ணாடி, சாப்ளினைத் திருப்பிக் காட்டினான், அவ்வளவுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். போலீஸ்காரரைக் கண்டதும் அவன் முகத்தில் ஓடும் அந்தக் கணக்கு, காலையில் அடுப்படியில் நின்று பெரிய மனிதனைப் போலப் பலகாரம் சுடும்போது இருக்கும் அந்தக் கவனம், இவை சொல்லிக் கொடுத்து வருபவை அல்ல.

அழும் காட்சி ஒன்று உண்டு. அதிகாரிகள் பையனை அனாதை விடுதிக்குக் கொண்டுபோக வருகிறார்கள். லாரியில் தூக்கிப் போடுகிறார்கள். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, வாய் விட்டுக் கதறுகிறான். சத்தம் இல்லாத படம். ஆனால் அந்த அழுகை காதில் கேட்கிறது!

அந்தக் காட்சியை எடுத்த கதையைச் சாப்ளின் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அன்று ஜாக்கி நல்ல விளையாட்டு மனத்தில் இருந்தான். என்ன செய்தும் அழுகை வரவில்லை. தந்தை முன்வந்தார். அழாவிட்டால் நிஜமாகவே அனாதை விடுதியில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று மிரட்டினார். பிள்ளை அழுதான். காமிரா ஓடியது. பிறகு சாப்ளின் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு சமாதானம் செய்தார்.

சாப்ளினே ஏழு வயதில் லண்டன் அனாதை விடுதிக்குப் போனவர். அந்த அழுகை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

எங்கு பார்த்தாலும் ஜாக்கி

படம் வெளிவந்தது. ஜாக்கி உலகப் பிரசித்தி அடைந்தான். படத்துக்கு மேல் படம். 1922-ல் 'ஆலிவர் ட்விஸ்ட்'. 1923-ல் மெட்ரோ கம்பெனி 5 லட்சம் டாலர் முன்பணம் கொடுத்து அவனை இழுத்துக்கொண்டது. ஜாக்கி பொம்மை, ஜாக்கி விசில், ஜாக்கி நோட்டுப் புத்தகம், ஜாக்கி படம் போட்ட வேர்க்கடலை வெண்ணெய் டப்பா! அவனுடைய கிராப்பு கூட ஒரு நாகரிகம் ஆயிற்று. 1927-ல் அந்த முடியை வெட்டியபோது, அதையே தலைப்பாக்கி ஒரு படம் எடுத்தார்கள்.

1924-ல் அவன் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. முதல் உலகப் போரிலும் அப்போது நடந்த படுகொலைகளிலும் பெற்றோரை இழந்த ஆர்மீனிய, கிரேக்கக் குழந்தைகள் பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்காக நிதி திரட்ட அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்றான். ஐரோப்பாவுக்கும் போனான். ரோம் நகரில் போப்பாண்டவரைச் சந்தித்தான். பத்து லட்சம் டாலருக்கு மேல் பெறுமானமுள்ள உணவும் துணியும் சேர்ந்தன.

ஆனால், அவன் கைக்கு வந்த பணம் எவ்வளவு தெரியுமா? வாரத்துக்கு ஆறே கால் டாலர்! மீதியைப் பெற்றோர் வைத்துக்கொண்டார்கள். பெரியவனானதும் எல்லாம் தனக்கு வரும் என்று பிள்ளை நம்பினான். எந்தப் பிள்ளைதான் நம்பாது?

நாலு சாவு

வளர வளர மவுசு குறைந்தது. 1930-ல் பேசும் படமாக வந்த 'டாம் சாயர்' ஓடியது. அதோடு சரி.

1935 மே 4. ஜாக்கிக்கு 21 வயது நிறைய ஆறு மாதம்கூட இல்லை. மெக்சிகோவுக்கு வேட்டைக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தந்தை ஓட்டினார். சான் டீகோ பக்கத்து மலைப்பாதையில் கார் உருண்டது. தந்தை இறந்தார். 'டாம் சாயர்' படத்தில் கூட நடித்த உயிர் நண்பன் ஜூனியர் டர்க்கின் இறந்தான். இன்னும் இருவர் இறந்தார்கள். உயிர் தப்பியவர் ஜாக்கி ஒருவர்தான்.

தந்தை பணத்தைச் சிக்கனமாகக் காத்தவர். அவருக்குப் பின் எல்லாம் தாயின் கைக்குப் போயிற்று. கணக்கு வழக்குகளைப் பார்த்த மானேஜர் ஆர்தர் பெர்ன்ஸ்டீனைத் தாய் மணந்துகொண்டார். வைரம், விலை உயர்ந்த மயிர் அங்கி, கார் என்று செலவு பறந்தது.

தாய் மீது வழக்கு

1937-ல் ஜாக்கி, நடிகை பெட்டி கிரேபிளை மணந்தார். வேலை இல்லை. பணத்தைக் கேட்டார். இல்லை என்ற பதில் வந்தது. 1938 ஏப்ரலில் தாய் மீதும் மாற்றாந்தகப்பன் மீதும் லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

குழந்தைப் பருவத்தில் அவர் சம்பாதித்தது 30 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் வரை என்று மதிப்பிட்டார்கள். அன்றைய விலையில் ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய்!

தாய் தரப்பு என்ன சொல்லிற்று? பணம் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. காமிரா முன் நின்றது பையனுக்கு விளையாட்டு, அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். இதுதான் வாதம். கேட்கும்போது வயிறு எரிகிறது. ஆனால் சட்டம் தாயின் பக்கம் இருந்தது! வயது வராத பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்பது அன்றைய கலிபோர்னியா சட்டம். வயலில் வேலை செய்யும் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதிய விதி, லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கும் பிள்ளைக்கும் பொருந்திவிட்டது.

1939-ல் சமரசம் ஆயிற்று. மிஞ்சியிருந்ததே இரண்டரை லட்சம் டாலர்தான். வழக்குச் செலவெல்லாம் போக ஜாக்கி கைக்கு வந்தது 1,26,000 டாலர். அதே ஆண்டில் பெட்டி கிரேபிளும் விவாகரத்துச் செய்துவிட்டார். கையில் காசில்லாமல் திண்டாடிய ஒரு சமயம் ஜாக்கி சாப்ளினிடம் போனார். சாப்ளின் ஒரு பேச்சுப் பேசாமல் ஆயிரம் டாலரை எடுத்துக் கொடுத்தார்.

நாடு கொதித்தது. 1939-லேயே கலிபோர்னியாவில் குழந்தை நடிகர் சட்டம் வந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'கூகன் சட்டம்'. குழந்தையின் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கிவைக்க கோர்ட்டு உத்தரவிடலாம் என்றது. ஒப்பந்தம் கோர்ட்டுக்கு வந்தால்தான் இது செல்லும். வராத ஒப்பந்தங்கள் தப்பித்தன. அந்த ஓட்டையை அடைக்க அறுபது ஆண்டு ஆயிற்று. 1999-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2000 முதல், குழந்தையின் சம்பாத்தியம் குழந்தைக்கே சொந்தம். நூற்றுக்கு 15 பங்கை முதலாளி நேரே குழந்தையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் கட்டவேண்டும். அந்தக் கணக்குக்கு 'கூகன் கணக்கு' என்றே பெயர்.

இந்தியாவுக்கு வந்தார்

இது பலருக்குத் தெரியாது. ஜாக்கி கூகன் நம் நாட்டுக்கு வந்திருக்கிறார், சிப்பாயாக!

1941-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார். விமானம் ஓட்டத் தெரிந்தவர் ஆதலால் 'கிளைடர்' ஓட்டும் வேலையைக் கேட்டு வாங்கினார். கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. வேறொரு விமானம் அதைக் கயிறு கட்டி இழுத்துப் போகும். குறித்த இடத்தில் கயிற்றை விட்டுவிடும். அதன் பிறகு ஓட்டியின் சாமர்த்தியம்! மேலே எழும்ப வழியில்லை. ஒரே தடவையில் இறங்கவேண்டும்.

1943 டிசம்பரில் அவருடைய படை இந்தியாவுக்கு வந்தது. 1944 மார்ச் 5-ந் தேதி இரவு, அசாமில் உள்ள லாலாகாட் விமானத் தளத்திலிருந்து கிளைடர்கள் கிளம்பின. ஜெனரல் விங்கேட்டின் 'சிந்திட்' படையினர் உள்ளே இருந்தார்கள். பர்மாவில் ஜப்பானியர் வசமிருந்த காட்டுக்குள், எல்லைக்கு அப்பால் வெகு தூரத்தில், ஒரு சிறு வெட்டவெளியில் இருட்டில் இறங்கவேண்டும். இழுத்த கயிறு அறுந்து வழியிலேயே விழுந்த கிளைடர்கள் உண்டு. தரையில் கிடந்த மரங்களில் மோதி நொறுங்கியவையும் உண்டு. அந்த இரவில் வீரர்களை ஏற்றிப்போய் இறக்கிய ஓட்டிகளில் கூகனும் ஒருவர்.

மொட்டைத் தலை

போர் முடிந்து வந்தால், ஹாலிவுட்டில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. சில்லறை வேடங்கள். பிறகு டெலிவிஷன் வந்தது. 1964 முதல் 1966 வரை 'ஆடம்ஸ் குடும்பம்' என்ற தொடரில் ஃபெஸ்டர் மாமா வேடம்! மொட்டைத் தலை, கறுப்பு அங்கி, கண்ணைச் சுற்றிக் கருவளையம். பல்பை வாயில் வைத்தால் எரியும்! குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு காலத்தில் உலகமே கொஞ்சிய பாலகன்தான் இந்த மொட்டை மாமா என்று அந்தக் குழந்தைகளுக்கு எப்படித் தெரியும்?

1972-ல், இருபது ஆண்டுகள் அமெரிக்காவை விட்டு விலகியிருந்த சாப்ளின் ஆஸ்கார் கௌரவப் பரிசு வாங்க லாஸ் ஏஞ்சல்சுக்கு வந்தார். வயது 82. அங்கே கூகனைச் சந்தித்துக் கட்டித் தழுவிக்கொண்டார்.

மறுவருஷம் இன்னொரு அதிசயம். தொலைந்து போனது என்று எல்லோரும் கைவிட்ட 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்தின் பிரதி ஒன்று யூகோஸ்லாவியாவில் அகப்பட்டது. படம் இருந்தது. இடையிடையே வரும் எழுத்துக்கள் மட்டும் இல்லை. அவற்றைத் திரும்ப அமைக்கக் கூகனின் உதவியை நாடினார்கள். அறுபதை நெருங்கிய மனிதர், ஏழு வயது ஜாக்கியைத் திரையில் பார்த்து, எந்த இடத்தில் என்ன எழுத்து வந்தது என்று நினைவுபடுத்திச் சொன்னார். 1975-க்குள் படம் மறுபடி உருவாயிற்று. இன்று நாம் பார்ப்பது அந்தப் பிரதியைத்தான்.

1984 மார்ச் 1-ந் தேதி, சான்டா மோனிகாவில் ஜாக்கி கூகன் மாரடைப்பால் காலமானார். வயது 69.